மனோரஞ்சிதம் கடைசியில் வரவேண்டும்

மாடித் தோட்டத்துச் செடிகளின் பட்டியலை நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றும் வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளம் எஸ்கியூலைட். சர்வர் எதுவும் ஓட வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பு. பைத்தான் மொழியில் எழுதிய என் நிரலுக்கும் அதற்கும் நடுவே, இரண்டையும் பேசவைக்கும் எஸ்கியூஎல்ஆல்கெமி என்ற நிரல்தொகுப்பை வைத்திருக்கிறேன்.

பெயர் வரிசையில் கேட்டேன். மகிழம்பூ, மனோரஞ்சிதம், மரிக்கொழுந்து, மருதாணி, மல்லிகை என்று வந்தது. மனோரஞ்சிதம் கடைசியில் அல்லவா வரவேண்டும்! அத்திக்கு முன்னால் அதிமதுரம் வேறு. எஸ்கியூலைட் வழக்கமாகப் பைட்டுகளை, அதாவது எழுத்துகளைச் சேமித்திருக்கும் எண்களை மட்டுமே ஒப்பிடுகிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். புள்ளிக்கும் யூனிகோடில் உயிர்க்குறிகளைவிடப் பெரிய எண்.

தரவுத்தளத்தை மாற்றினாலும் நிரலை அதிகம் மாற்ற வேண்டாம் என்பதற்காகத்தான் எஸ்கியூஎல்ஆல்கெமி போன்ற இடையடுக்கைப் பலரும் புகழ்கிறார்கள். நான் எஸ்கியூலைட்டை விட்டுப் போகப்போவதில்லை. எனக்குக் கை கொடுத்தது வேறொன்று: தரவுத்தளத்துடன் ஒவ்வொரு இணைப்பும் திறக்கும் நொடியில் நம் நிரலை அழைக்கும் வசதி. இரண்டு பெயர்களை ஒப்பிடும் சிறு நிரல்துண்டு, அதாவது செயற்கூறு ஒன்றை எழுதி அங்கே பதிவு செய்தேன். அது சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, மெய்க்கு ஓர் எண், உயிருக்கு ஓர் எண் என்று கொடுக்கும். புள்ளி வைத்த எழுத்துக்கு உயிரெண் 0. இரண்டு மாலைகள் பிடித்தன. மனோரஞ்சிதம் தன் இடத்துக்கு வந்ததும் எழுந்து நின்று பார்த்தேன், அவ்வளவு மகிழ்ச்சி.

ஓர் அட்டவணையின் குறிப்பு சுட்டும் வரி மற்ற அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கும் அயல்சாவிச் சோதனையையும் அதே இடத்தில் இயக்கிவிட்டேன். எஸ்கியூலைட் வழக்கமாக அதை அணைத்தே வைத்திருக்கும். இணைப்புதோறும் கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாததால் செம்பருத்தியை நீக்கிய பிறகும் அதற்கு உரமிட்ட குறிப்புகள் அனாதையாகக் கிடந்தன.

பிறகு நொச்சி. பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. பழைய கோப்பிலிருந்து ஒட்டியபோது 'நொ'வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வந்திருந்தன. நான் தட்டச்சு செய்ததில் இரண்டும் சேர்ந்து ஒரே குறி. பெயர் நெடுவரிசைக்கெனத் தனி வகை ஒன்றை எழுதி, சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே வடிவத்துக்கு மாறும்படி செய்தேன்.

ஒன்று பாக்கி. எஸ்கியூலைட்டின் கட்டளைவரிக் கருவியில் இந்தக் கோப்பைத் திறந்து பெயர் வரிசையில் கேட்டால், அப்படி ஒரு வரிசைமுறையே இல்லை என்று பிழை வருகிறது. என் செயற்கூறு அதற்குத் தெரியாதே. ஒவ்வொரு பெயருக்கும் அந்த மெய், உயிர் எண்களைச் சேர்த்த வரிசைச் சாவியைத் தனி நெடுவரிசையாகச் சேமித்துப் பார்க்கப்போகிறேன்.