தோளில் எத்தனை கோடு?

பழவந்தாங்கலில் எங்கள் தெரு இஸ்திரிக்கார அண்ணனிடம் இன்று காலை ஒரு வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோட்டுப் பட்டையோடு அப்படியே வந்திருந்தது. மாடி வீட்டு விமானி தம்பி உருவ மறந்துவிட்டார் போல. "சூடு பட்டா ஜரிகை கருத்துடும்" என்று அண்ணன் பதமாக உருவி, சில்லறை டப்பாவில் போட்டு வைத்தார். எண்ணிப் பார்த்தேன், மூணு கோடு. அப்போ துணை விமானி, கேப்டனுக்குத்தான் நாலு. இதெல்லாம் கப்பல்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். 1930களில் பான் ஆம் நிறுவனம் தண்ணீரில் இறங்கும் விமானங்களை ஓட்டியபோது தன் விமானிகளுக்குக் கடற்படை அதிகாரி மாதிரி உடுப்பு மாட்டிவிட்டது, அதற்கு முன்னால் பெரும்பாலும் தோல் ஜாக்கெட்தான். நம்ம ஊர் வெயிலுக்குக் கறுப்பு டை எதற்கோ, அது வேறு விஷயம். பத்து நிமிஷத்தில் தம்பி பட்டையைத் தேடித் தடதடவென்று இறங்கி வந்தார், லுங்கியோடு.