சித்தப்பாவுக்கு டிபி: ஆறு மாதம் கூட இருந்த அனுபவம்

சித்தப்பா கம்பி கட்டும் வேலை செய்பவர். சொந்த ஊர் கள்ளக்குறிச்சி பக்கம். சென்னையில் மேஸ்திரி எந்த சைட்டுக்குப் போகச் சொல்கிறாரோ அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கிக்கொள்வார். சித்தி தவறிய பிறகு குடி அதிகமாகிவிட்டது. விடாத இருமல், ராத்திரியானால் வியர்வை, எடை 41 கிலோ. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. நல்லவேளை, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. அவர் எடைக்குத் தினமும் மூன்று மாத்திரை. எல்லாம் இலவசம். மருந்துக்காக நாங்கள் அலையவில்லை, அலைந்ததெல்லாம் மற்றவற்றுக்குத்தான்.

பதிவு செய்த அன்றே எடை, உயரம், ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள். கால் வீங்கியிருக்கிறதா, எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்றும் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இது. ரொம்ப மெலிந்தவர்களையும் மூச்சுத் திணறுபவர்களையும் உடனே கண்டுபிடித்து அட்மிட் செய்வார்கள். சித்தப்பா அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தார். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்றார்கள். எந்த வீட்டில்? கொட்டகையில் சேர்க்க முடியாது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன்.

அம்மா அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்த ஹெல்த் விசிட்டர் அக்கா, "இது காத்துல பரவுறதும்மா, தட்டுல இல்ல. ஜன்னலைத் தொறந்து வைங்க, போதும்" என்றார். எங்களையும் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகு தடுப்பு மருந்து கொடுத்தார்கள். ஆனாலும் அந்தத் தட்டு மாற ஒரு மாதம் பிடித்தது.

இருமல் நின்று உடம்பு கொஞ்சம் தேறியதும் சித்தப்பா வேலைக்குப் போய்விட்டார். நிஜமான தலைவலி அப்புறம்தான். சனிக்கிழமை கூலி, சாயங்காலம் டாஸ்மாக். குடித்த நாளில் மாத்திரை போட மாட்டார். கேட்டால், "சரக்கும் மாத்திரையும் சேர்ந்தா ஈரல் போயிடும்னு அவங்கதானே சொன்னாங்க" என்பார். சொன்னது உண்மைதான். ஆனால் அவர் விட்டது சரக்கை இல்லை, மாத்திரையை. ஞாயிறும் அப்படியே போகும். இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம். அப்புறம் சிகிச்சையும் நீளும்.

அக்கா திட்டவில்லை. கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தார். மாத்திரை நேரத்தை, வேலைக்குக் கிளம்பும் முன் என் கண்ணெதிரே என்று மாற்றினார். குடிக்காக மனநலப் பிரிவுக்கும் அனுப்பினார். 'முதலில் குடியை நிறுத்து, அப்புறம் மருந்து' என்று சொல்லியிருந்தால் சித்தப்பா அன்றைக்கே காணாமல் போயிருப்பார். அது எனக்கு நிச்சயம்.

நான்காவது மாதம் சைட் ஓசூருக்கு மாறியது. பாதியில் மருந்தை விடுபவர்கள் பலர் இப்படி ஊர் மாறும்போதுதான் விடுகிறார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். கிளம்பும் முன்பே சொன்னோம். நிக்‌ஷய் எண் (காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவு எண்) அதேதான். பதிவை மட்டும் அங்கே மாற்றிவிட்டார்கள், அங்கேயே மாத்திரை கிடைத்தது. மாத்திரையோடு தினமும் காலையில் எனக்கு வீடியோ கால் செய்ய வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை.

சத்துணவுக்காக அரசு தரும் பணம் மாதம் 1000 ரூபாய். 2024 நவம்பருக்கு முன் 500தான். முதலில் 3000, 84 நாள் சிகிச்சை முடிந்த பின் இன்னொரு 3000 என்று வங்கிக் கணக்குக்கு வரும். சித்தப்பாவின் கணக்கு முடங்கிக் கிடந்தது. ஆதார், கேஒய்சி என்று வங்கியில் நின்றே என் லீவு பாதி போனது. மாதம் 1000 என்பது ஏறக்குறைய அவருடைய ஒரு நாள் கூலி. இருந்தாலும் முட்டைக்கும் பயறுக்கும் ஆனது. ஒவ்வொரு மாதமும் எடையை ஏன் அவ்வளவு அக்கறையாகக் குறித்தார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. ஜார்க்கண்டில் நோயாளிகளுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் இறப்பு குறைவாக இருந்ததாம்.

கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. எடை 49. குடி முன்பைவிடக் குறைவு, நிற்கவில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த சைட் எங்கே என்று அவருக்கே தெரியாது. அதனால் தொடர்புக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம்.