எலும்பு வளர்ந்துவிடும், சதைதான் அடம்பிடிக்கும்

உயரம் கூட்ட ஆபரேஷன் செய்துகொண்டேன் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எலும்பை வெட்டும்போது வலிக்கலையா?" வலிக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகுதான் கை வைக்கிறார்கள். வலி அப்புறம் வருகிறது, அதுவும் எலும்பிலிருந்து இல்லை.

ஏன் செய்தேன் என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். என் உயரம் 5 அடி 2 அங்குலம். பள்ளியில் முதல் வரிசை, கல்யாணப் புகைப்படத்தில் முதல் வரிசை, பெண் பார்க்கப் போனால் "பையன் கொஞ்சம்..." என்று பாதியில் நிற்கும் பேச்சு. இதற்கெல்லாம் காலை வெட்டிக்கொள்வானா ஒருத்தன் என்று கேட்பீர்கள். அண்ணனும் அதையேதான் கேட்டான். சீனாவில் அழகுக்காக இதைச் செய்வதற்கு 2006லேயே தடை போட்டுவிட்டார்கள் என்று மொபைலில் எடுத்துக் காட்டினான். படித்துப் பார்த்தேன். பிறகும் காருக்குச் சேர்த்த பணத்தை எடுத்துக் கட்டினேன்.

எனக்குச் செய்தது முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலிலும். எலும்பின் நடுக்குழியில் நீளமான கம்பி ஒன்றை இறக்கி மேல்பக்கம் மட்டும் ஸ்க்ரூ போடுகிறார்கள். எலும்பை வெட்டி, பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பையும் வெட்டி, வெளியே வளையங்களைப் பொருத்துகிறார்கள். வளையத்திலிருந்து மெல்லிய கம்பிகள் தோலைத் துளைத்து எலும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரம் போல அப்படியே விட்டுவிட்டு, இளம் எலும்பு உருவாக ஆரம்பிக்கும் நேரத்தில் இழுக்கத் தொடங்குவார்கள். ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். வேகமாக இழுத்தால் இடைவெளியில் எலும்பு பிடிக்காது. மெதுவாக இழுத்தால் வெட்டிய இடம் சீக்கிரமே ஒட்டிக்கொண்டு, மறுபடி வெட்ட வேண்டிவரும்.

அந்த 1 மில்லிமீட்டரையும் ஒரேயடியாக இழுப்பதில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, கால்வாசிச் சுற்று. வளையங்களை இணைக்கும் தண்டின் மரையில் ஒரு முழுச் சுற்று என்பது சரியாக 1 மில்லிமீட்டர். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, நடுராத்திரி பன்னிரண்டு. திருகுவது அம்மாவின் வேலை. நட்டு தன் சதுர முகத்தில் எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்பது தெரியாமல் போய்விடக் கூடாதென்று, தங்கையின் சிவப்பு நெயில்பாலிஷை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்தார். ராத்திரி அலாரம் அடித்ததும் எழுந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, என்னை எழுப்பாமல் ஸ்பேனரை வைப்பார். நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். திருகும்போது வலி எதுவும் தெரியாது. விடியும்போது கெண்டைக்கால் விறைத்துக் கிடப்பதில்தான் தெரியும்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் கவ்ரீல் இலிசாரோவ். சைபீரியாவில் குர்கன் என்ற ஊரில், 1950களில், போரில் அடிபட்டு எலும்பு சேராமல் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர். நட்டை இறுக்கும்படி அவர் சொல்லியிருந்த நோயாளி ஒருவர் தவறிப்போய் எதிர்ப்பக்கம் திருகிவிட, அந்த இடைவெளியில் புது எலும்பு வளர்ந்திருந்ததாக ஒரு கதை சொல்வார்கள். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புரூமெல், அடுத்த வருடமே மோட்டார்சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டு, கடைசியில் வந்து சேர்ந்தது இவரிடம்தான். படுத்தபடி இதையெல்லாம் படித்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர்களுக்கெல்லாம் உடைந்த கால். எனக்கு நல்ல கால்.

சரி, சதைக்கு வருகிறேன். இடைவெளி கொடுத்தால் எலும்பு தானே வளர்கிறது. கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாரும் அப்படி இல்லை. எலும்பு நீள நீள அவை நாண் பூட்டிய வில் மாதிரி இறுகி, குதிகாலை மேலே இழுக்கின்றன. பாதம் கீழ்நோக்கிக் குவிகிறது. மூன்று சென்டிமீட்டர் தாண்டியதும் என் குதிகால் தரையில் படவே இல்லை. வாக்கரைப் பிடித்து நின்றால் நுனிவிரலில் நிற்கிறேன், முழங்காலும் மடங்கியே இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தம்பி என்னைவிடப் பத்து வயது சின்னவன். "அண்ணே, முட்டியை நீட்டுங்க, பொய் சொல்லாம நீட்டுங்க" என்பான். முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் பாதத்தை என் முகத்தை நோக்கித் தள்ளுவான். பல்லுக்கு நடுவில் துண்டைக் கடித்துக்கொள்வேன். அவன் போன பிறகு நானே அந்தத் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்க வேண்டும். தூங்கும்போதும் பாதம் குவிந்துவிடாதபடி செருப்பிலிருந்து வளையத்துக்கு எலாஸ்டிக் கட்டியிருந்தது.

நான் கேட்டிருந்தது ஏழு சென்டிமீட்டர். டாக்டர் முதலில் வேகத்தை 0.75க்குக் குறைத்தார். அப்புறமும் குதிகால் இறங்காததைப் பார்த்து, ஐந்தில் நிறுத்திவிடலாம் என்றார். சண்டை போடவில்லை. அப்போதைக்கு அவர் நாலு என்றிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

அக்கம்பக்கத்தில் அம்மா சொல்லிவைத்தது, "பைக்கில் விழுந்துட்டான்." அதனால் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக ஒரே வரத்து. இரண்டு காலும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி எப்படி உடைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிர்வீட்டுத் தாத்தா மட்டும் கம்பிகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்குப் புத்தூர் போய்க் கட்டு போட்டிருந்தா இந்நேரம் நடந்திருப்பான்" என்றார். ஆட்டுக்கால் சூப் மட்டும் வாரம் தவறாமல் வந்தது. கம்பி நுழையும் துளைகளைத் தினமும் சலைன் விட்டுத் துடைக்க வேண்டும். ஒரு துளை சிவந்து சீழ் கட்டி, ஆன்டிபயாடிக் சாப்பிட்டுத்தான் அடங்கியது. பேன்ட் எதுவும் ஃப்ரேமுக்கு மேல் ஏறாது. எங்கள் தெரு டெய்லர் பக்கவாட்டுத் தையலைப் பிரித்து வெல்க்ரோ வைத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் அது, மற்ற நேரமெல்லாம் கைலிதான்.

எனக்குக் கோபம் ஒன்றே ஒன்றில்தான். பணம் கட்டும் முன், அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்து பேசியவர், "மூணு மாசத்துல ஆபீஸ் போயிடலாம் சார்" என்றார். இழுத்து முடித்த பிறகுதான் பாதி வேலையே ஆரம்பிக்கிறது. புது எலும்பு கெட்டியாக, நீட்டிய ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு மாதமாவது, பலருக்கு அதற்கு மேலும் ஆகும். எக்ஸ்ரேயில் அந்த இடம் முதலில் வெறும் கறுப்பு. பிறகு புகை படிந்தது போல ஒரு வெண்மை, அப்புறம் நீளவாக்கில் கோடுகள். இதை அவர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். வேலையை விடாமல் சமாளித்தது மேனேஜரின் நல்ல மனசு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கவிட்டார்.

உள்ளே கம்பி இருந்ததால் இழுத்து முடித்ததும் கீழ்ப்பக்கமும் ஸ்க்ரூ போட்டு, வெளி வளையங்களைக் கழற்றிவிட்டார்கள். அன்று ராத்திரி ஒருக்களித்துப் படுத்தேன். அந்தச் சுகத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

இப்போது 5 அடி 4. கைப்பிடி இல்லாமல் படி ஏறுகிறேன், சைக்கிள் மிதிக்கிறேன். ஓட இன்னும் அனுமதி இல்லை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால் குதிகால் இன்னமும் எழும்பிக்கொள்கிறது, ஊர்ப்பக்கம் போனால் பாத்ரூம் விஷயத்தில் அவஸ்தைதான். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சி தினமும் நடக்கிறது. கம்பியை வெளியே எடுக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் பாக்கி. அதற்கு அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்று அம்மா இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.