கோத்தகிரி பக்கம் சரிவு ரோட்டுக்குத் தார் போட்ட அனுபவம்

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறிப் போகும் கிளை ரோடு. நீளம் 180 மீட்டர், அகலம் 3 மீட்டர். இலை ஏற்றும் பிக்கப், கேஸ் வண்டி, பள்ளி வேன் தவிரப் பெரிய போக்குவரத்து கிடையாது. அப்படியும் முன்பு போட்ட தார் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்க ஜல்லி தார் ஒட்டாமல் வெள்ளையாகத் தெரியும். மேட்டுப்பக்கம் வாய்க்கால் இல்லாததால் ஊற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் புகுந்து தாரைக் கல்லிலிருந்து பிரித்துவிட்டது. மலையில் ரோடு கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே செலவில் முதல் பங்கு தண்ணீருக்குத்தான் போக வேண்டும்.

வாய்க்கால் வெட்ட ஜேசிபி இறக்குவதானால், நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இவ்வளவு சின்ன வேலைக்கு ஆள் வைத்துக் கையால் வெட்டுவதே சுலபம். வாய்க்காலின் அடிமட்டம் ரோட்டின் மண் படுகையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஓடும் தண்ணீர் மட்டும் வாய்க்காலில் போகும், மண்ணுக்குள் கசிவது ரோட்டுக்கு அடியிலேயே நிற்கும். குறுக்கே போகும் குழாய் 600 மி.மீ. அகலமாவது வேண்டும். அதைவிடச் சின்னக் குழாய் சில்வர் ஓக் சருகில் அடைத்துக்கொள்ளும், உள்ளே கை விட்டுச் சுத்தம் செய்யவும் முடியாது. குறுகலான மலை ரோட்டில் நடுவில் மேடு வைக்காமல், மொத்தச் சாய்வையும் மேட்டுப்பக்க வாய்க்காலை நோக்கியே கொடுப்பது நல்லது. 3 சதவீதச் சாய்வு என்றால் 3 மீட்டருக்கு 9 செ.மீ. இதை நூல் கட்டிப் பாருங்கள், கண்மதிப்பு மலைச்சரிவில் ஏமாற்றும்.

காலம் பார்ப்பது அடுத்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பெரியது, ஜூனில் பிடிக்கும். எங்கள் பக்கத்துக்குப் பிப்ரவரி, மார்ச் சரியான மாதங்கள். ஏப்ரல் பிறந்தால் மதியத்துக்குமேல் கோடை மழை வரும். மூடுபனியிலும் ஈரத் தரையிலும் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதும் தார்க்கலவை போடக் கூடாது என்பது விதி. அப்படிப் பார்த்தால் காலை பத்தரை முதல் மதியம் இரண்டரை வரைதான் வேலை நேரம். மர நிழல் விழும் இடத்தைக் கடைசியில் எடுங்கள், அங்கே தரை தாமதமாகத்தான் காயும்.

அடித்தளத்துக்கு 75 மி.மீ. கனத்தில் பெரிய ஜல்லி பரப்பி, உலர் ரோலிங் முடிந்ததும் தூள் போட்டு, தண்ணீர் விட்டு மறுபடி உருட்ட வேண்டும். இந்தப் பரப்புக்குப் பதினேழு முதல் இருபது யூனிட் (யூனிட் என்றால் நூறு கன அடி) ஜல்லி பிடிக்கும். காய்ந்த பிறகு துடைப்பத்தால் நன்றாகக் கூட்டினால் கல்லின் தலை தெரியும். தூள் மூடிக் கிடக்கும் தரையில் பிரைமர், அதாவது அடித்தளத்தில் ஊற விடும் முதல் தார்ப்பூச்சு, இறங்காது.

பிரைமருக்கு எஸ்எஸ்-1 எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார், மெதுவாக இறுகும் வகை), சதுர மீட்டருக்கு 0.8 கிலோ வீதம் 430 கிலோ. ஒரு நாளாவது உறிஞ்ச விட வேண்டும், குளிரில் கூடுதலாகவும் ஆகும். கலவை போடுவதற்குச் சற்று முன் டேக் கோட்டுக்கு (கலவை ஒட்டுவதற்கான மெல்லிய பூச்சு) ஆர்எஸ்-1 என்ற வேகமாக இறுகும் எமல்ஷன், சதுர மீட்டருக்கு 0.25 கிலோ வீதம் 135 கிலோ. அடித்த உடனே பழுப்பாக இருக்கும், நீர் பிரிந்ததும் கறுப்பாகும். சமவெளியில் சட்டென்று கறுக்கும், இங்கே காற்று ஈரமாக இருந்தால் வெகுநேரம் பழுப்பாகவே நிற்கும். பொறுமையில்லாமல் அதன்மேல் கலவையைக் கொட்டினால் மேல்தோல் பிடிப்பில்லாமல் கிடக்கும். பிறகு வண்டி பிரேக் போடும் இறக்கத்தில் பிறை வடிவ வெடிப்புகள் வரும். டிரம்மை உபயோகிப்பதற்கு முன் உருட்டிக் கலக்குங்கள், எமல்ஷன் அடியில் தங்கும். ஊட்டிப் பக்கம் உறைபனி இரவில் வெளியே போட்டு வைத்தால் அது திரிந்து வீணாகிவிடும்.

மேற்பரப்புக்கு 20 மி.மீ. பிரிமிக்ஸ் கார்ப்பெட், அதாவது சின்ன ஜல்லியைச் சூடான தாரில் கலந்து பரப்பும் மேல்தோல். 10 சதுர மீட்டருக்கு 13.2 மி.மீ. ஜல்லி 0.18 கன மீட்டர், 11.2 மி.மீ. 0.09 கன மீட்டர், தார் 14.6 கிலோ. 540 சதுர மீட்டருக்கு ஜல்லி முறையே மூன்றரை யூனிட், ஒன்றேமுக்கால் யூனிட், விஜி-30 ரகத் தார் 790 கிலோ. மேலே துளைகளை மூடும் சீல் கோட்டுக்கு 10 சதுர மீட்டருக்கு 6.8 கிலோ வீதம் இன்னும் 370 கிலோ. மொத்தம் ஏழரை டிரம்முக்குக் குறையாது.

கலவையை மேட்டுப்பாளையத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குமேல் மலையேற்றி வந்தால் சூடு போய்விடும். சின்ன ஹாட்மிக்ஸ் மெஷினை ரோட்டுத் தலைப்பிலேயே நிறுத்துவது மேல். தார் 150 முதல் 165 டிகிரி, ஜல்லி 150 முதல் 170. பரப்பும்போது 140-க்குக் குறையக் கூடாது, 90-க்குக் கீழே இறங்குவதற்குள் ரோலிங் முடிய வேண்டும். தெர்மாமீட்டரை ஒப்பந்ததாரரிடம் எதிர்பார்க்காதீர்கள், நீங்களே வாங்கி வையுங்கள். கண்ணுக்கும் அடையாளம் உண்டு. நீலப் புகை கிளம்பினால் தார் கருகுகிறது. வெண்ணிற ஆவி எழுந்தால் ஜல்லி ஈரம், தார்ப்பாய் போட்டு மூடாத குவியல். கொட்டிய குவியல் தோசைமாவு மாதிரி படுத்துவிட்டால் தார் அதிகம். கூம்பாக நின்று மங்கலாகத் தெரிந்தால் தார் குறைவு, அல்லது சூடு போய்விட்டது.

குளிர்காற்றில் 20 மி.மீ. கனம் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். ஆகவே பரப்பும் ஆட்களுக்குப் பின்னாலேயே ரோலர் வர வேண்டும். தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி உயரமான ஓரத்துக்கு ஏற்றி உருட்டுங்கள். மேலிருந்து தொடங்கினால் சூடான கலவை கீழ்நோக்கி நழுவும். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். சக்கரத்தில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் போதும். டிப்பர் தொட்டியிலோ சக்கரத்திலோ டீசல் தடவ விடாதீர்கள், அது தாரைக் கரைத்துவிடும். சூடான பரப்பின்மேல் ரோலரைத் திருப்பவோ நிறுத்தவோ கூடாது.

கொண்டை ஊசி வளைவில் வண்டிச் சக்கரம் ஒரே இடத்தில் முறுக்கித் தேய்ப்பதால் இந்த மெல்லிய கார்ப்பெட் உதிரும். மிகச் செங்குத்தான வளைவில் அந்த அளவுக்கு மட்டும் கான்கிரீட் போட்டுவிடுவதே எங்கள் அபிப்பிராயம்.

சீல் கோட்டைத் தள்ளிப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிரிமிக்ஸ் கார்ப்பெட் துளை உள்ளது, மேலே மூடாவிட்டால் முதல் மழையே உள்ளே இறங்கும்.

கடைசியாகப் பள்ளப்பக்கத் தோள், அதாவது தாருக்கு வெளியே உள்ள மண் ஓரம். தார் விளிம்புக்கு அருகே மண் தாழ்ந்திருந்தால் பிக்கப் ஒதுங்கும்போது விளிம்பு ஒடியும். அங்கே கிராவல் கொட்டி விளிம்பு மட்டத்துக்கு இடித்துக் கெட்டிப்படுத்திய பிறகே வண்டிகளை விடுங்கள்.