தூக்கிய செவ்ரொலே கே10: ஸ்டீயரிங் வேலைக் குறிப்பு

2024 மார்ச் 2, சனி

வண்டி 1978 கே10, செவ்ரொலேயின் 4 வீல் டிரைவ் பிக்கப். முன்னால் டானா 44 ஆக்ஸில், 6 அங்குல லிஃப்ட் (ஆக்ஸிலுக்கு மேல் சேஸிஸைத் தூக்கியது), 35 அங்குல டயர். பிரேக் மிதித்து மூக்கு அமுங்கினாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

1973 முதல் 1987 வரை வந்த இந்த 4 வீல் டிரைவ் வண்டிகளில் ஸ்டீயரிங் பாக்ஸின் தண்டில் உள்ள பிட்மேன் ஆர்ம் முன்னும் பின்னுமாக ஆடும். அதிலிருந்து ஒரு குட்டை ட்ராக் லிங்க் (இணைப்புக் கம்பி) இடது நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் முட்டி) மேலுள்ள ஆர்முக்குப் போகும். லிஃப்ட் போட்டால் ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸோடு மேலே ஏறிவிடும், ஆக்ஸில் கீழேயே நிற்கும், லிங்க் செங்குத்தாகச் சாயும். ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்ஸில் மேலே வருவதோடு, ஸ்பிரிங்கின் ஆடும் முனையான ஷாக்கிள் பின்பக்கம் இருப்பதால் கொஞ்சம் பின்னாலும் நகரும். லிங்கின் நீளம் மாறாது என்பதால் அந்த வித்தியாசம் முழுவதும் சக்கரத்தைத் திருப்புவதில் போய் முடிகிறது.

சோதிக்கச் சுலப வழி: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் பம்பரை இருவர் அமுக்கி விட வேண்டும். அப்போது ஸ்டீயரிங் வீலையும் முன் டயரையும் பார்த்தால் போதும், எவ்வளவு திரும்புகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

4 அங்குல லிஃப்ட் வரை நக்கிளில் உயரமான ஆர்ம் போட்டால் லிங்க் ஓரளவு படுத்துவிடும். அதற்கு மேல் தூக்கியிருந்தால் கிராஸ்ஓவர்தான் தீர்வு, அதாவது லிங்கைக் குறுக்காக வலது நக்கிளுக்குக் கொண்டுபோவது. நீளத் தொங்கும் பிட்மேன் ஆர்மை நான் பரிந்துரைக்க மாட்டேன். நெம்புகோல் நீண்டு, பாக்ஸின் செக்டர் தண்டுக்கும் சேஸிஸுக்கும் முறுக்கு கூடும்.

மார்ச் 3, ஞாயிறு

புதுச் சாமான் வாங்கும் முன் பழைய ஆட்டத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். சக்கரம் தரையில் இருக்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டைப் பாக்ஸோடு சேர்க்கும் ராக் ஜாயிண்டில் ரப்பர் முறுக்கிக்கொண்டால் மாற்ற வேண்டியதே. டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், வீல் பேரிங் மூன்றிலும் ஆட்டம் இருக்கவே கூடாது. முன் ஆக்ஸில் பேயாட்டம் போடும் வண்டிகளில் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும். ஸ்டீயரிங் டேம்பர் (அதிர்வை அடக்கும் ஷாக்) மாட்டினால் ஆட்டம் மறையும், தேய்மானம் மறையாது.

மார்ச் 9, சனி

சேஸிஸ். இந்த வேலையிலேயே முக்கியமான நாள் இதுதான்.

பாக்ஸைக் கழற்றி, இடது ரயிலில் (சேஸிஸின் நீளச் சட்டம்) போல்ட் துளைகளைச் சுற்றி வயர் பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்துப் பார்க்க வேண்டும். பெரிய டயர் போட்ட இந்த வண்டிகளில் இந்த இடம் விரிசல் விடுவது பெயர்பெற்ற நோய். பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை போலத்தான் இருக்கும், துளையின் ஓரத்திலிருந்து கிளம்பும். டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறும் சாயம்) அடித்தால் சிவப்புக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

விரிசல் இருந்தால் அதன் நுனியில் 1/8 அங்குலத் துளை போட வேண்டும், இல்லையென்றால் வெல்டிங்கைத் தாண்டியும் ஓடும். பிறகு கிரைண்டரில் வி வடிவில் வெட்டி, அடிவரை வெல்டிங் நிரப்பி, மட்டமாகத் தேய்த்து, மேலே 3/16 அங்குலத் தகடு. தகட்டை நேர்செங்குத்தாக வெட்டி முடிக்கக் கூடாது. ஓரத்தைச் சாய்த்து வெட்டினால்தான் அழுத்தம் ஒரே கோட்டில் குவியாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி கழற்றியாக வேண்டும். விரிசல் இல்லாத சேஸிஸுக்கும் தகடு போடுவதே நல்லது. கிராஸ்ஓவரில் பாக்ஸ் ரயிலைப் பக்கவாட்டில் தள்ளும், அந்தப் பளு இதுவரை அங்கே இல்லாதது.

மார்ச் 16, சனி

கிராஸ்ஓவருக்கு அதே காலத்து 2 வீல் டிரைவ் பிக்கப்பின் சாகினா 800 பாக்ஸ் வேண்டும். அதில் தண்டு கீழ்நோக்கி இருக்கும், ஆர்ம் இடம் வலமாக ஆடும். உடைப்புக் கடையில் எடுக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். 1980 முதல் ஹோஸ் இணைப்பு ஓ-ரிங் வகை, அதற்கு முன் ஃபிளேர் வகை. 1977 முதல் உள்தண்டில் 3/4 அங்குலம், 30 பல். பழையதில் 13/16 அங்குலம், 36 பல். 30 பல் கிடைத்தால் 1984–94 ஜீப் செரோக்கியின் யூ-ஜாயிண்ட் ஷாஃப்டைப் போட்டு ராக் ஜாயிண்டை ஒழித்துவிடலாம்.

பாக்ஸ் போல்ட் 7/16 அங்குலம், கிரேடு 8, சுமார் 70 அடி-பவுண்ட். பிட்மேன் நட்டு 185 அடி-பவுண்ட்.

மார்ச் 23, சனி

வலது நக்கிளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். சில பழைய வார்ப்புகளில் அப்படியே கிடைக்கும், மெஷின் ஷாப்பில் சமன் செய்து துளையும் மரையும் போட்டால் போதும். உருண்ட தலை நக்கிளில் ஆர்ம் உட்காராது. ஆர்மைப் பிடிக்கும் ஸ்டட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு மாட்டுவது நல்லது. இங்கே நட்டு தளர்ந்தால் ஸ்டட் வெட்டுப்பட்டுப் போகும், ஸ்டீயரிங்கே கையில் இருக்காது.

ட்ராக் லிங்க்: 1¼ அங்குல வெளிவிட்டம், கால் அங்குலச் சுவர் உள்ள டிஓஎம் (உள்ளச்சின் மேல் இழுத்துச் செய்த) குழாய். முனைகளில் மூக் கம்பெனியின் டை ராட் எண்டுகள், இஎஸ்2233எல், இஎஸ்2234ஆர். ஒன்று இடது மரை, மற்றது வலது மரை. அதனால் வண்டியில் மாட்டியபடியே குழாயைத் திருப்பி நீளம் சரிசெய்யலாம். காட்டர் பின் துளை ஒத்துவரவில்லை என்றால் நட்டை இன்னும் இறுக்க வேண்டும், தளர்த்தவே கூடாது.

வண்டி தன் எடையில் நிற்கும்போது லிங்க் எவ்வளவு படுக்கையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆக்ஸிலைப் பம்ப் ஸ்டாப் (மேலேறும் ஆக்ஸிலைத் தடுக்கும் ரப்பர்) வரை ஏற்றி, லிங்க் ஸ்பிரிங், சேஸிஸ், ஆயில் பேன் எதிலும் படுகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டால் பம்ப் ஸ்டாப்பை நீளமாக்க வேண்டும்.

மார்ச் 24, ஞாயிறு

ஸ்டீயரிங் எண்ணெயிலிருந்து காற்று எடுப்பது. முன் சக்கரத்தைத் தூக்கி, இன்ஜின் அணைந்தே இருக்க, கடைசி வரை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே எண்ணெய் ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட். நுரை வந்தால் அணைத்துவிட்டு ஆற விடவும்.

மார்ச் 30, சனி

பாக்ஸை அதன் நடுப்புள்ளியில் வைத்து, சக்கரம் நேராக வரும்வரை ட்ராக் லிங்க் நீளத்தை மாற்ற வேண்டும். ஸ்டீயரிங் வீலைக் கழற்றித் திருப்பி மாட்டி நேராக்குவது தவறு. பாக்ஸ் நடுவிலிருந்து விலகி ஓடும், நேர்ச்சாலையில் ஆட்டம் தெரியும். இரு பக்கமும் நக்கிள் ஸ்டாப் முதலில் முட்ட வேண்டும், பாக்ஸின் உள் ஸ்டாப் அல்ல.

டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம். கேஸ்டர் (நக்கிள் திரும்பும் அச்சின் பின்சாய்வு) கம்பெனி அளவு 8 டிகிரி. ஸ்பிரிங்குக்கு அடியில் ஆப்பு வைத்து பினியனை (ஆக்ஸிலில் டிரைவ் ஷாஃப்ட் சேரும் முனை) உயர்த்தியிருந்தால் கேஸ்டர் அதே அளவு குறைந்திருக்கும், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராது. எல்லா நட்டிலும் பெயின்ட் கோடு போட்டு, 100 மைல் ஓடியதும் பாக்ஸ் போல்ட், நக்கிள் ஸ்டட், பிட்மேன் நட்டு மூன்றையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பார்க்க வேண்டும்.