முதல் ஏர் ரைஃபிள் கையில் விட்டுச்செல்லும் பழக்கங்கள்

சுடப் பழகியவர்களிடம் முதல் துப்பாக்கி எது என்று கேட்டால், பலரும் குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் ஏர் ரைஃபிளைத்தான் சொல்வார்கள். மடக்கும்போது கேட்கும் 'கிளிக்', சுட்டதும் ஸ்பிரிங் அதிரும் ஓசை, ஈயமும் எண்ணெயும் கலந்த வாசனை எல்லாம் வருடக்கணக்கில் மறப்பதில்லை. விரலும் தோளும் கண்ணும் அந்தத் துப்பாக்கியில் எப்படிப் பழகினவோ, அதுவும் கூடவே தங்கிவிடும். பிறகு எவ்வளவு உயர்ந்த ரைஃபிள் கைக்கு வந்தாலும், அவசரத்தில் முந்திக்கொண்டு வருவது முதலில் படிந்த பழக்கம்தான். ஆகவே முதல் துப்பாக்கியில் கறாராக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

தேர்வில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ., அதாவது .177 காலிபர். எடை இரண்டரை முதல் மூன்று கிலோ. டெலஸ்கோப் இல்லாமல், குறிபார்க்க முன் சைட்டும் பின் சைட்டும் மட்டும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்குவதுதான் பெரிய தவறு. வேகம் கூடக் கூட ஸ்பிரிங் முரடாகும், மடக்கக் கூடுதல் பலம் வேண்டும், உதையும் கூடும். சிறிது நேரத்திலேயே கை தளர்ந்துவிடும். தளர்ந்த கையோடு சுடுவது தவறான பழக்கத்தைத்தான் பதிய வைக்கும். 10 மீட்டரில் காகிதத்தைத் துளைக்க நொடிக்கு 150 முதல் 180 மீட்டர் வேகம் தாராளம்.

இந்தத் துப்பாக்கி ஏன் இவ்வளவு கண்டிப்பானது என்று புரிய, உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை நெருக்குகிறது. டிரிக்கரோடு இணைந்த கொக்கி அதைப் பிடித்து நிறுத்துகிறது. டிரிக்கரை அழுத்தியதும் பிஸ்டன் முன்னால் பாய, துப்பாக்கி பின்னால் நகர்கிறது. சிலிண்டரின் முனையில் நெருக்கப்பட்ட காற்று பிஸ்டனைத் தடுத்ததும் துப்பாக்கி முன்னால் குதிக்கிறது. கொக்கி விடுபட்டு பெல்லட் (சிறிய ஈயக் குண்டு) குழலை விட்டு வெளியேற ஏறத்தாழ நூறில் ஒரு நொடி ஆகும். அதற்குள் துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கை எப்படிப் பிடித்திருக்கிறதோ அப்படித்தான் குண்டு போகும். மலிவான டெலஸ்கோப்புகள் ஸ்பிரிங் ரைஃபிளில் சீக்கிரம் பழுதாவதும் இந்த இரட்டை உதையால்தான். முன்பக்க அதிர்ச்சியைத் தாங்கும்படி அவை செய்யப்படுவதில்லை. ஒரு காலத்தில் போட்டி ரைஃபிள் செய்தவர்கள் இந்த உதையை அடக்கப் படாதபாடு பட்டார்கள். ஜெர்மன் நிறுவனமான ஃபைன்வெர்க்பாவின் 300 மாடலில் இயந்திரப் பகுதி முழுவதும், தோளில் சாத்தும் கட்டைக்கு மேல் தண்டவாளத்தில் பின்னோக்கி வழுக்கும். இன்னொரு ஜெர்மன் நிறுவனமான டயானாவின் சில மாடல்களில் எதிர்த்திசையில் ஓடும் இரண்டாவது பிஸ்டன் வைத்து உதையைச் சமன் செய்தார்கள். சாதாரண முதல் துப்பாக்கியில் இப்படி எந்த ஏற்பாடும் இருக்காது. கற்பவருக்கு அது நல்லதுதான்.

மடக்கும் முறையில் விளையாட்டே கூடாது. துப்பாக்கி சுடும் திசையை விட்டுத் திரும்பக் கூடாது, விரல் டிரிக்கரிலிருந்து வெளியே இருக்க வேண்டும். குழலின் முனையருகே முழுக்கையால் பிடித்து, கொக்கி விழும் சத்தம் கேட்கும்வரை ஒரே சீராக இழுக்க வேண்டும். பெல்லட்டை வைக்கும்போதும் அந்தக் கை குழலை விட்டுவிடக் கூடாது. கொக்கி தேய்ந்திருந்து நழுவினால் குழல் அறைந்து மூடும். பெல்லட் வைக்கும் கட்டைவிரல் நடுவில் மாட்டினால் எலும்பு முறியும். குழல் திறந்திருக்கும்போது டிரிக்கர் வேலை செய்யாதபடி பல மாடல்களில் தடை வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அதை நம்பிக் கையை எடுக்கக் கூடாது. ஏற்றிய துப்பாக்கியை அப்படியே சாத்தி வைப்பதும் கூடாது. அது ஆபத்து என்பது ஒருபுறம். நீண்ட நேரம் நெருங்கியே இருந்தால் ஸ்பிரிங்கும் தளர்ந்துபோகும்.

பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கும் ஆசை புதியவர்கள் எல்லோருக்கும் வரும். ஸ்பிரிங் ரைஃபிளில் அதைச் செய்யவே கூடாது. முன்னால் பெல்லட் அடைத்திருந்தால்தான் காற்று நெருங்கி பிஸ்டனுக்கு மெத்தையாக நிற்கும். இல்லையென்றால் காற்று தடையின்றி ஓடிவிட, பிஸ்டன் சிலிண்டர் முனையில் நேராக மோதும். பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் சீல் சிதையும், ஸ்பிரிங் உடையும். எண்ணெயும் இதே போலத்தான். சிலிண்டருக்குள் சாதாரண மெஷின் எண்ணெய் போனால், நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் அது தீப்பிடித்து 'டமார்' என்ற ஓசையும் புகையும் வரும். துப்பாக்கிக்குச் சக்தி கூடிவிட்டது என்று சிலர் மகிழ்ந்துபோகிறார்கள்; உண்மையில் சீல் கருகுகிறது. புதுத் துப்பாக்கி முதல் சில குண்டுகளுக்குப் புகைவது வேறு விஷயம், தானாக நின்றுவிடும். பழைய தோல் சீலுக்கு அவ்வப்போது சில சொட்டு எண்ணெய் தேவை. செயற்கைச் சீல் உள்ளவற்றில் சிலிண்டர் பக்கம் போகாமலிருப்பதே உத்தமம்.

காகித இலக்குக்குத் தலை தட்டையான ஈயப் பெல்லட் போதும். துளை வட்டமாகத் தெளிவாக விழும். பின்பக்கப் பாவாடை (விரிந்த விளிம்பு) நசுங்கிய பெல்லட்டைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். குழலில் வைக்கும்போது பாவாடை விளிம்போடு மட்டமாக அமர வேண்டும். வெளியே துருத்தினால் மூடும்போது நசுங்கும். குண்டைச் சுழல வைக்க உள்ளே வரிப்பள்ளம் வெட்டிய குழலில் இரும்புக் குண்டு போடக் கூடாது. பள்ளம் தேய்வதோடு, கடினமான பரப்பில் பட்டுத் திரும்பி முகத்துக்கே வரும். பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஈயம் நஞ்சு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

இனி பிடி. உதைக்கும் என்று பயந்து இறுக்கிப் பிடிப்பது இயல்பு. ஸ்பிரிங் ரைஃபிளில் அதுதான் குழுவை, அதாவது சேர்ந்து விழ வேண்டிய துளைகளை, சிதறடிக்கும். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் முன்கட்டை சும்மா படுத்திருக்க வேண்டும். விரல்கள் சுற்றி வளைக்கக் கூடாது, தோளில் லேசான அழுத்தம் போதும். உதைக்க விரும்பும் துப்பாக்கியை உதைக்க விட்டுவிட வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. உள்ளங்கை இரண்டு விரற்கடை முன்னே தள்ளினாலே குண்டு விழும் இடம் மாறுவதைக் காகிதத்தில் பார்க்கலாம். மேசை விளிம்பு போன்ற கடினமான இடத்தில் நேரடியாகச் சாத்திச் சுட்டால் துப்பாக்கி எகிறும். மணல்மூட்டை இருந்தாலும் நடுவில் கை இருக்கட்டும்.

கண் ஒரே நேரத்தில் பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றையும் கூர்மையாகப் பார்க்காது. பார்வை முன் சைட்டில் நிற்க வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். இதை நம்ப மறுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரு சைட்டுகளுக்கும் இடையே 45 செ.மீ. தூரம் என்றால், முன் சைட் 1 மி.மீ. விலகினாலே 10 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 22 மி.மீ. தள்ளிப் போகும். சைட்டுகள் ஒன்றுக்கொன்று சரியாக நின்று, துப்பாக்கி முழுவதுமே 5 மி.மீ. இணையாக நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ. மட்டுமே விலகும். சர்வதேச 10 மீட்டர் ரைஃபிள் இலக்கின் கறுப்புப் பகுதி 30.5 மி.மீ. விட்டம், நடுப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துப்பாக்கி ஒருபுறம் சாய்ந்தால் குண்டு அந்தப் பக்கமாகவும் சற்றுக் கீழாகவும் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துங்கள். ஆறு, ஏழு நொடிக்குள் டிரிக்கர் விடுபடவில்லையென்றால் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதற்கு மேல் பிடித்து வைத்தால் பார்வை மங்கும், கை நடுங்கும், 'இப்போதே சுட்டுவிடுவோம்' என்று விரல் வெடுக்கென இழுக்கும். விரலின் முதல் கணுவுக்கு முந்தைய சதைப்பகுதி டிரிக்கரில் பட்டு நேராகப் பின்னால் போக வேண்டும். சுட்ட பிறகும் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல், விரலைத் தளர்த்தாமல், ஒரு நொடி முன் சைட்டையே பார்த்துக்கொண்டிருங்கள். காகிதத்தைப் பார்க்கும் முன்பே குண்டு எங்கே போயிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதும் துளையும் ஒத்துப்போகத் தொடங்கினால் கண் திறந்து சுடுகிறீர்கள் என்று பொருள். டிரிக்கர் விடுபடும் கணத்தில் இமை மூடுபவரால் சொல்லவே முடியாது.

ஒற்றைக் குண்டைப் பார்த்து சைட்டைத் திருகாதீர்கள். ஐந்து சுட்டு, அந்தக் குழுவின் நடுவைப் பார்த்து, குண்டு போக வேண்டிய திசையிலேயே பின் சைட்டை நகர்த்துங்கள். ஐந்தும் மேல்கீழாக நீண்டிருந்தால் மூச்சையோ கன்னம் பதியும் இடத்தையோ கவனிக்க வேண்டும். நேற்றுவரை சேர்ந்து விழுந்தவை இன்று திடீரென்று சிதறினால், முதலில் கட்டையின் திருகாணிகளைச் சோதியுங்கள். ஸ்பிரிங்கின் அதிர்வில் அவை கழன்றுகொண்டே இருக்கும். அடுத்து, குழல் மூடும் இடத்தின் சீல். இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்து, பெல்லட் போட்டுச் சுடுங்கள். காகிதம் பறந்தால் காற்று கசிகிறது. உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் கழற்ற முயல வேண்டாம். சுடாத நிலையிலும் அது நெருங்கியேதான் இருக்கிறது. அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் திறந்தால் முகத்தை நோக்கிப் பாயும்.

திறந்த சைட்டோடு, நின்றபடி அல்லாமல் கையை மணல்மூட்டையில் தாங்கி, 10 மீட்டரில் ஐந்து குண்டும் 2 செ.மீ. வட்டத்துக்குள் தொடர்ந்து விழும்போது .22 போல்ட் ரைஃபிளுக்கு, அதாவது போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வெடிமருந்துத் துப்பாக்கிக்கு, போகலாம். அதில் உதையும், குண்டு குழலுக்குள் இருக்கும் நேரமும் குறைவு என்பதால் சுடுவது எளிதாகத் தெரியும். பாதுகாப்பில் தலைகீழ். ஏர் ரைஃபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் மடக்கியாக வேண்டும், ஆனால் போல்ட் மூடிய .22-இல் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று வெளியிலிருந்து எதுவும் காட்டாது. அதன் ஈயக் குண்டும் 1 கிலோமீட்டரைத் தாண்டிப் போகக்கூடியது. கையில் வாங்கும்போதெல்லாம் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பரை (தோட்டா அமரும் அறையை) கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேலை.