சீட் பெல்ட் விலக்குச் சான்று: டாக்டர் அறையிலிருந்து சாலையோரம் வரை

சீட் பெல்ட் போட்டால் வலிக்கிறது, விலக்குச் சான்று வேண்டும் என்று போய் உட்கார்ந்தால், பொறுப்புள்ள டாக்டர் உடனே பேனாவை எடுக்க மாட்டார். பெல்ட் எங்கே படுகிறது, எந்த சீட்டில் உட்காரும்போது படுகிறது என்றுதான் முதலில் கேட்பார். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள், அல்லது சாலையில் செல்லாத ஒரு பொதுப்படையான கடிதத்தோடு திரும்புகிறார்கள்.

அதனால் டாக்டரைப் பார்க்கும் முன் காரில் போய் உட்காருங்கள். வழக்கமாகப் போடும் சட்டையோடு பெல்ட்டை மாட்டி, ஜன்னல் பக்கமிருந்து ஒரு படமும் முன்னாலிருந்து ஒரு படமும் எடுக்கச் சொல்லுங்கள். தோள் வார் எந்தத் தோளில் ஏறுகிறது, இடுப்பு வார் எலும்பில் உட்காருகிறதா வயிற்றில் உட்காருகிறதா, தழும்போ கருவியோ இருக்கும் இடத்திலிருந்து வார் எத்தனை விரல் தள்ளிப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சிக்கல் பெல்ட்டிலா, அது போகும் பாதையிலா என்று இந்த இரண்டு படங்களைப் பார்த்தாலே தெரியும். நாங்கள் பார்த்தவரை, அதிகமும் பாதைதான் சிக்கல்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக அது இடது காறை எலும்புக்குக் கீழே வைக்கப்படும். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கும் காரில் ஓட்டுநரின் பெல்ட் வலது தோளிலிருந்து இறங்குகிறது, பேஸ்மேக்கரைத் தொடுவதில்லை. அதே ஆள் பக்கத்து சீட்டுக்கு மாறினால் வார் இடது தோளில் ஏறி நேராகக் கருவியின் மேல் அழுத்தும். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும் நாடுகளில் இது தலைகீழ். பின் சீட்டிலும் இதே கணக்குதான்: வலது ஓரத்தில் உட்கார்ந்தால் வலது தோள், இடது ஓரத்தில் உட்கார்ந்தால் இடது தோள். காறை எலும்பு முறிவு, மார்பக அறுவைச் சிகிச்சை, புற்றுநோய் மருந்து ஏற்ற மார்பில் தோலுக்கடியில் வைக்கும் கீமோ போர்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சீட்டை மாற்றினாலே தீர்ந்துவிடும் சிக்கலுக்கு விலக்குச் சான்று வாங்குவது, கைவசம் இருக்கும் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது. முன் சீட்டில் பெல்ட் போட்டால் விபத்தில் சாகும் ஆபத்து 45 முதல் 50 சதவீதம் வரை குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சான்றெழுதும் டாக்டர் ஒரு பக்கத் தட்டில் உங்கள் வலியையும் மறுபக்கத் தட்டில் இந்த எண்ணையும் வைத்துத்தான் நிறுக்கிறார்.

நெஞ்செலும்பைப் பிளந்து இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், வாருக்கும் நெஞ்சுக்கும் நடுவே சின்ன மென்மையான திண்டு ஒன்றை வைத்துக்கொண்டு பெல்ட் போடுவார்கள். பயணியாக மட்டும் போகும் அந்த ஆரம்ப வாரங்களுக்கு அது போதும். தடித்த தலையணை வேண்டாம். வார் உடம்பை விட்டு விலக விலக, மோதலில் உடம்பு அந்த இடைவெளியைக் கடந்து வந்துதான் வாரில் மோதும். வயிற்றுத் துளை வழியாக வரும் கழிவைப் பிடிக்கும் ஸ்டோமா பை உள்ளவர்களுக்கு இடுப்பு வார்தான் தொல்லை. சீட்டின் சாய்வை நிமிர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, வாரை இடுப்பெலும்புக்கு இறக்கினால் பலருக்குப் பை தப்பிவிடுகிறது. தப்பாவிட்டால், பைக்கு மேல் வார் அழுந்தாமல் தாங்கும் கவசங்கள் இதற்கென்றே விற்கின்றன.

கர்ப்பிணிகளுக்கு விலக்கு தானாகவே கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பிரிட்டனில் கர்ப்பிணியும் பெல்ட் போட்டாக வேண்டும், மருத்துவக் காரணத்தால் வேண்டாம் என்று டாக்டர் சான்று தந்தால் மட்டுமே விலக்கு. இடுப்பு வார் வயிற்றுக்கு அடியில், தொடைகளின் மேல்புறமாக, இடுப்பெலும்பைத் தொட்டுப் போக வேண்டும். தோள் வார் இரண்டு மார்புக்கும் நடுவே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். வயிற்றின் நடுவில் குறுக்கே போகும் வார்தான் குழந்தைக்கு ஆபத்து.

குள்ளமானவர்களுக்குக் கழுத்தை அறுப்பது போல வார் ஏறும். கதவுப் பக்கத் தூணில் வார் தொங்கும் வளையத்தை மேலே கீழே நகர்த்த ஒரு பொத்தான் பல கார்களில் உண்டு, வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். வளையத்தை இறக்கி, சீட்டை உயர்த்தினால் வார் தோளின் நடுவுக்கு வந்துவிடும். வாரைத் தளர்த்திப் பிடித்து வைக்கும் கிளிப் வேண்டவே வேண்டாம். வாரில் தொய்வு இருந்தால், மோதலில் அது இறுகிப் பிடிப்பதற்குள் உடம்பு முன்னால் பாய்ந்துவிடும். பருமனானவர்கள் வாங்கும் நீட்டிப்பு வாரில் கவனிக்க வேண்டியது பக்கிள், அதாவது வாரின் உலோக நாக்கைச் செருகும் பூட்டு. ஒவ்வொரு கம்பெனியின் பக்கிள் நாக்கும் அகலத்தில் வேறு. பொருந்துவது போல ‘டிக்’ என்று விழுந்துவிட்டு, இழுத்தால் கழன்றுவிடும். உங்கள் கார் மாடலுக்கென்றே கம்பெனி தருவதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

இத்தனையும் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால்தான் சான்று. அப்படிப்பட்டவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள், அவர்களுக்கு அது சலுகை அல்ல, உரிமை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

காகிதம் எப்படி இருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் அதற்கென்று தனிப் படிவமே உண்டு. டாக்டர் அதை நிரப்பித் தருவார், அது எதுவரை செல்லும் என்பதும் அதிலேயே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1991-ஆம் ஆண்டு உத்தரவின்படி, ஒரு உறுப்பு நாட்டில் முறைப்படி கொடுத்த சான்று மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும், ஆனால் அதில் செல்லுபடிக் காலமும் அதற்குரிய சின்னமும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியச் சட்டம், நோய் என்ன என்பதோடு பெல்ட் ஏன் பொருந்தாது என்ற காரணத்தையும் டாக்டர் எழுதித் தரச் சொல்கிறது. நியூயார்க்கில் டாக்டரின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும், கையோடு வைத்திருக்கவும் வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்களுக்குப் பெல்ட் சட்டமே இல்லை. அங்கிருந்து எல்லை தாண்டும்போது அந்தச் சுதந்திரம் கூடவே வராது.

படிவம் இல்லாத இடத்தில் கடிதம்தான் என்றால், டாக்டர் அறையை விட்டு எழும் முன் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: உங்கள் முழுப் பெயர், ஓட்டுநர் உரிமத்தில் உள்ளது போலவே; பிறந்த தேதி; உடல்நிலை என்ன; அதனால் எந்த வார் பொருந்தாது, தோள் வாரா, இடுப்பு வாரா, இரண்டுமா; ஓட்டும்போதா, பயணியாகப் போகும்போதா, இரண்டிலுமா; எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை; டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை. ‘பெல்ட்டைத் தவிர்ப்பது நல்லது’ என்று எழுதியிருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது அறிவுரை, சான்று அல்ல. தேதி விட்டுப்போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆறு மாதம் கழித்து அதைப் பார்க்கும் அதிகாரி, இது ஆறிப்போன புண்ணுக்கு எழுதியது என்றுதான் நினைப்பார்.

சான்று கிடைத்த அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது. தெரிவிக்காமல் விட்டவர்களின் இழப்பீட்டுக் கோரிக்கையில் ‘பெல்ட் போடவில்லை’ என்ற வரி முதலில் வந்து நிற்கும்.

சான்று உள்ளவர்கள் செய்யும் மிக ஆபத்தான காரியம் ஒன்று உண்டு. பெல்ட் போடாததால் கார் விடாமல் பீப் அடிக்கும், அதை நிறுத்த ஒரு போலி நாக்கை வாங்கிப் பக்கிளில் செருகிவிடுவார்கள். பல கார்களில் முன்புற ஏர்பேக் எந்த வேக மோதலுக்கு விரிய வேண்டும் என்பதை முடிவுசெய்ய பக்கிளின் நிலையையும் கணினி பார்க்கிறது. பெல்ட் இல்லாதவருக்குக் கெட்டியான சுவரில் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே விரியும். பெல்ட் போட்டவருக்கு அது சுமார் 26 கிலோமீட்டர். போலி நாக்கைச் செருகியவுடன் கணினி உங்களைப் பெல்ட் போட்டவராக எண்ணிவிடும். பெல்ட்டும் இல்லை, வர வேண்டிய நேரத்தில் ஏர்பேக்கும் இல்லை. இந்தியாவில் 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தப் போலி நாக்குகளை விற்பனையிலிருந்து நீக்கச் சொல்லி ஐந்து ஆன்லைன் தளங்களுக்கு உத்தரவிட்டது. பீப் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது கம்பெனி சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி எல்லாருக்கும் வேண்டும், பெல்ட் இல்லாதவருக்கு இன்னும் கண்டிப்பாக.

சாலையில் நிறுத்தும்போது நடப்பது இது. அதிகாரி வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே, பெல்ட் விலக்குச் சான்று இருக்கிறது, எடுத்துத் தரட்டுமா என்று கேளுங்கள். மூலத்தைக் காரில் வைத்திருங்கள், நகலை வீட்டில் வையுங்கள், போனில் ஒரு படமும் இருக்கட்டும். போன் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அடுத்தவர் காரில் போகும் நாளில்தான் சான்று வீட்டில் கிடக்கும். பிரிட்டனில் அந்த இடத்திலேயே காட்ட முடியாவிட்டால், அதிகாரியிடம் நீங்கள் குறிப்பிடும் காவல் நிலையத்தில் ஏழு நாளுக்குள் காட்ட வழி இருக்கிறது. அதைத் தவறவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் அவதிப்பட்டிருக்கிறார்கள்.

விலக்கு இல்லாதவர்களுக்கும் ஒரு சொல். நிறுத்தச் சொன்னதும், பின் பாக்கெட்டிலிருந்து உரிமத்தை எடுக்கப் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். அதிகாரி ஜன்னலுக்கு வரும்போது அவர் காண்பது கழன்ற பெல்ட்தான். பெல்ட் போட்டிருந்தும் அபராதச் சீட்டு வாங்கியவர்களில் நிறையப் பேர் இப்படிச் சிக்கியவர்கள். அவர் பக்கத்தில் வந்து நிற்கும்வரை மாட்டியபடியே இருங்கள், கழற்றும் முன் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள்.

கேமரா வந்தபிறகு நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2021 நவம்பர் முதலும், நியூ சவுத் வேல்ஸில் 2024 ஜூலை முதலும் கேமராக்கள் கண்ணாடி வழியாகப் பெல்ட்டைப் பார்த்துப் படம் எடுக்கின்றன. மென்பொருள் சந்தேகப்பட்டதை மனிதர்கள் மறுபடி பார்க்கிறார்கள். ஆனால் கேமராவுக்கு உங்கள் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் சான்று தெரியாது. விலக்கு உள்ளவருக்கும் நோட்டீஸ் வரும், அதுவும் வண்டியின் பதிவு உரிமையாளர் பெயருக்கு வரும். அதைக் கிழித்துப் போடாமல், நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் சான்றின் நகலோடு மறுப்பு அனுப்ப வேண்டும். படத்தில் உள்ள தேதி சான்றின் காலத்துக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வாங்கிய சான்று முன்தேதிக்குச் செல்லாது.

விலக்கு இல்லாமல், பெல்ட் போட்டிருந்தும் நோட்டீஸ் வந்திருந்தால் முழுத் தெளிவுள்ள மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். கறுப்புச் சட்டையில் கறுப்பு வார் மறைந்துவிடும். அப்போது தோளுக்கு மேல் தூணிலிருந்து வார் வரும் கோணத்தைப் பாருங்கள். போடாத வார் தூணோடு ஒட்டி நேராகத் தொங்கும். போட்ட வார் சாய்ந்து வரும். இதை வட்டமிட்டு அனுப்பலாம். வாரைக் கக்கத்துக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ விட்டிருந்தால் வாதாட ஒன்றும் இல்லை, அது போடாததற்குச் சமம். மறுக்கப் போகிறீர்கள் என்றால் அபராதத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் பெரும்பாலும் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகி விவகாரம் முடிந்துவிடும்.

பக்கத்தில் இருப்பவர் போடாததற்கு யார் பொறுப்பு என்பதும் இடத்துக்கு இடம் வேறு. இந்தியாவில் 2019 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பெல்ட் போடாத பயணியை ஏற்றிச் செல்பவருக்கும் ஆயிரம் ரூபாய் அபராதம். பிரிட்டனில் 14 வயதுக்குக் கீழே என்றால் ஓட்டுநர், அதற்கு மேல் அவரவர். ஆகவே விலக்கு உள்ள பயணியை ஏற்றும்போது, சான்று அவர் கையில் இருக்கிறதா என்று ஓட்டுபவர் வண்டியை எடுக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சான்றின் கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது அந்தப் பழைய இரண்டு படங்களைப் போலவே புதிதாக இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். புண் ஆறியிருந்தாலோ உடம்பு இளைத்திருந்தாலோ வாரின் பாதை மாறியிருக்கும், இந்த முறை புதுப்பிக்கும் தேவையே இல்லாமல் போகலாம்.